தங்கச்சிக்கு ஊசி போட்டாச்சு... அம்மாவுக்கு?

ஒன்பதாவது படிக்கிற என் தங்கச்சி ஸ்கூல்ல இருந்து ஒரு ஃபார்ம் கொண்டு வந்தா. எச்.பி.வி. தடுப்பூசி போட பெற்றோர் சம்மதம் கேட்கிற ஃபார்ம். நான் செமஸ்டர் லீவுக்கு வீட்டில் இருந்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்னு போட்டிருக்கு. கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இது எதுக்கு?" என்றார்.

அம்மா பதில் பேசல. அடுப்படியில் இருந்து வந்து, கையைத் துடைச்சிட்டு, ஃபார்மை வாங்கிக் கையெழுத்துப் போட்டாங்க. எங்க வீட்டுல அப்பாவைக் கேட்காம அம்மா கையெழுத்துப் போட்டு நான் பார்த்த முதல் காகிதம் அதுதான்.

அன்னைக்கு ராத்திரி படுக்கப் போறப்ப மெதுவா கேட்டாங்க: "தம்பி, இந்த ஊசிய எங்களுக்கெல்லாம் போட மாட்டாங்களா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடின பதில். ஒரு பையன் ஏன் இதையெல்லாம் எழுதுறான்னு சிலர் நினைக்கலாம். பையன்கள் வாயைத் திறக்காத விஷயமா இது இருக்கிறதுதான் பிரச்சினையில் பாதி.

பெரியம்மா

அம்மா கையெழுத்துப் போட்டதுக்குக் காரணம் பெரியம்மா. செந்துறைப் பக்கம் ஒரு கிராமம். முந்திரிக்காட்டு வேலை, சீசன் இல்லாதப்ப நூறு நாள் வேலை. மாதவிலக்கு நின்னு நாலஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் பட ஆரம்பிச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லல. இடுப்பு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை. வெள்ளைப்படுறதுக்கு 'உடம்புச் சூடு' என்று இளநீரும் வெந்தயமும். சுகர் மாத்திரை வாங்க மாசாமாசம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் இருந்தாங்க. அங்க யாரும் இதைக் கேட்கல, இவங்களும் சொல்லல. வேலைக்காட்டில் பக்கத்தில் உட்கார்றவங்க தள்ளி உட்கார்றதைக் கவனிச்ச பிறகுதான் மகள்கிட்ட வாயைத் திறந்தாங்க.

அதுக்குள்ள மூணாவது ஸ்டேஜ். வெளியூர் ஆஸ்பத்திரிக்கு வாரக்கணக்கில் 'கரண்ட் வைக்க' பஸ்ஸில் போய் வந்தாங்க. சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கிச்சு. பஸ் காசு, சாப்பாடு, துணைக்குப் போன அக்காவோட கூலி இழப்பு, இதையெல்லாம் எந்த அட்டையும் பார்க்கல. ஒன்றரை வருஷம் இருந்தாங்க. சாகும்போது வயசு 54.

பெரியம்மாவோட கதை அபூர்வமான கதை இல்ல. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஒரே வருஷத்தில் புதுசா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தவங்க 1,27,526 பேர். இறந்தவங்க 79,906 பேர். நம்ம பெரம்பலூர் மாவட்டத்தோட மொத்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 5,65,223. அதாவது ஏழு வருஷத்தில் ஒரு முழு பெரம்பலூர் மாவட்டம் காலியாகிற அளவு சாவு. தடுக்கவே முடியாத நோயா இருந்தா விதின்னு விட்டுடலாம். ஆனா இது புற்றுநோய்களிலேயே சுலபமா தடுக்கக்கூடிய ஒண்ணு.

பத்து வருஷ வார்னிங்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கிட்டத்தட்ட எல்லா நேரமும் காரணம் ஒரு வைரஸ்: ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமா எச்.பி.வி. இதைக் கண்டுபிடிச்ச ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தாங்க. இந்த வைரஸில் நிறைய வகை உண்டு. 16, 18 என்ற ரெண்டு வகைதான் உலகத்தில் பத்துக்கு ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம்.

உடலுறவு மூலமா பரவுற வைரஸ்தான். ஆனா இதை வெச்சு யாரோட ஒழுக்கத்தையும் எடை போட முடியாது. தாம்பத்திய வாழ்க்கை வாழுறவங்களில் பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்து போகும். ஆணுக்கும் வரும். பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே இதை விரட்டிடும். சில பேருக்கு மட்டும் போகாம தங்கிடும். அப்படித் தங்கினாலும் அது புற்றுநோயா மாற பொதுவா பதினைஞ்சு, இருபது வருஷம் ஆகும். அதுவரைக்கும் வலி இல்ல, ரத்தம் இல்ல, எந்த அறிகுறியும் இல்ல. செல்களில் மட்டும் மாற்றம் நடந்துக்கிட்டே இருக்கும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிச்சா, பாதிக்கப்பட்ட இடத்தை மட்டும் உறைய வெச்சோ சூடு வெச்சோ அகற்றிடலாம். சில நிமிஷ வேலை. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்ல.

ஒரு மெஷின்ல ஒரு பார்ட் பழுதாகப் போறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே சிக்னல் தருதுன்னு வெச்சுக்குவோம். அதைப் பார்க்காம விட்டு, மெஷின் வெடிச்ச பிறகு ரிப்பேருக்கு ஓடினா, மெயின்டனன்ஸ் இன்சார்ஜை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. நம்ம அம்மாக்கள் விஷயத்தில் இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கோம்.

ஊசி நல்லது. ஆனா...

14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவிச்சது. படிப்படியா எல்லா மாவட்டத்துக்கும் போகிற திட்டம். முதல் கட்டத்துக்குத் தேர்வான மாவட்டங்களில் பெரம்பலூரும் அரியலூரும் உண்டு. காரணம் பெருமைப்படுற மாதிரி இல்ல. பாதிப்பு அதிகமா இருக்கிற மாவட்டங்கள் இவை என்பதுதான்.

ஊசியைப் பத்திப் பயப்படுறவங்களைக் கிண்டல் பண்ண நான் தயாரா இல்ல. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. 2009-10-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. அவங்கள்ல ஏழு பேர் இறந்ததும் 2010-இல் திட்டத்தையே நிறுத்தினாங்க. ஊசியால்தான் இறந்தாங்கன்னு விசாரணையில் நிரூபணம் ஆகல. ஆனா சம்மதம் வாங்கின முறையில் பெரிய தப்புகள் வெளியே வந்துச்சு. நிறையப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவுக்குப் பதிலா ஹாஸ்டல் வார்டனே கையெழுத்துப் போட்டிருந்தார். எங்க வீட்டுக்கு அந்த ஃபார்ம் வந்ததும், அம்மா அதைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டதும் சின்ன விஷயம் இல்லைன்னு அதனாலதான் சொல்றேன்.

அதே 2010 நிறுத்தத்தால் எதிர்பாராத ஒரு பலனும் கிடைச்சது. அப்போ இந்தியாவில் பல ஊர்களில் தனியா நடந்துக்கிட்டு இருந்த இன்னொரு ஆய்வும் பாதியில் நின்னுபோச்சு. அதில் சேர்ந்த 17,000-க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளில் பல ஆயிரம் பேருக்கு ஒரே ஒரு டோஸ்தான் போட்டிருந்தது. பத்து வருஷம் அவங்களைத் தொடர்ந்து கவனிச்சப்போ, 16, 18 வகை வைரஸ் உடம்பில் தங்கிடுறதை அந்த ஒரு டோஸே 95 சதவீதம் அளவுக்குத் தடுத்திருந்தது. 2021-இல் இந்த முடிவு வெளியாச்சு. ஒரு டோஸே போதும்னு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னதுக்குப் பின்னாடி இந்த இந்திய ஆய்வும் இருக்கு.

ஆகவே தங்கச்சி விஷயத்தில் எனக்குக் கவலை இல்ல. இப்போ அம்மாவோட கேள்விக்கு வருவோம். ஊசி, வைரஸ் வர்றதுக்கு முன்னாடி போட வேண்டியது. ஏற்கெனவே தங்கின வைரஸை அது விரட்டாது. 45 வயது அம்மாவுக்கு ஊசி பெருசா உதவாது. அவங்களுக்குத் தேவை பரிசோதனை.

இந்த ஊசித் திட்டத்தோட முழுப் பலன் தெரிய இன்னும் இருபது, முப்பது வருஷம் ஆகும். அதுவரைக்கும் சாகப் போறது தங்கச்சி வயசுக்காரங்க இல்ல, அம்மா வயசுக்காரங்க. 'ஊசி வந்துருச்சு, பிரச்சினை முடிஞ்சது' என்று நாமளும் அரசாங்கமும் கையைத் தட்டிட்டுக் கிளம்பினா, நடுவில் ஒரு தலைமுறைப் பெண்களைக் கைவிட்டவங்க ஆவோம்.

முதலிடம், ஆனா அரியர்

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்ற கணக்கு: 30 முதல் 49 வயதுப் பெண்களில், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை வாழ்நாளில் ஒரு தடவையாவது செஞ்சுக்கிட்டவங்க இந்தியாவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மாநிலங்களில் நாமதான் ஃபர்ஸ்ட். ஆனா நூத்துக்குப் பத்து மார்க் கூட இல்ல. நம்ம காலேஜ்ல இதுக்குப் பேரு அரியர்.

உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வெச்சிருக்கிற இலக்கு 90-70-90. அதாவது, 15 வயதுக்குள் 90 சதவீதப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி. 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு தடவை, 45-க்குள் இன்னொரு தடவை தரமான பரிசோதனை. நோய் கண்டவங்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. நம்மோட பத்து எங்கே, அந்த எழுபது எங்கே?

"கிராமத்துப் பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வு இல்ல" என்று சொல்லி முடிச்சிடுறது சுலபம். நான் அதை ஒத்துக்கல. அதுக்கு ஆதாரம் நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கு.

2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையை மையமா வெச்சு ஓர் ஆய்வு தொடங்கினாங்க. டாக்டர்கள் கூட இல்ல, பயிற்சி பெற்ற நர்ஸுகள்தான் ஊர் ஊராப் போனாங்க. முறை ரொம்ப எளிமை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையல் வினிகர் மாதிரியான ஒண்ணை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பாங்க. மாறின செல்கள் வெள்ளையா தெரியும். 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களைக் கூப்பிட்டதில் வந்தவங்க 31,343 பேர். அதாவது நூத்துக்கு 63 பேருக்கு மேல! எல்லாம் கிராமத்துப் பெண்கள்தான். அதில் சந்தேகத்துக்குரியவங்க 3,088 பேர். அவங்களில் 3,052 பேருக்கு அடுத்த கட்டப் பரிசோதனையும் நடந்து முடிஞ்சது. காரணம், 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பல. அடுத்த கட்டத்தை முடிஞ்சவரை அங்கேயே செஞ்சாங்க. ஏழு வருஷத்தில் புற்றுநோய் 25 சதவீதம் குறைஞ்சது, சாவு 35 சதவீதம் குறைஞ்சது. 2007-இல் லான்செட் இதழில் இது வந்தது.

திண்டுக்கல்லில் வந்த பெண்கள் நம்ம ஊரில் ஏன் வரல? அம்மாகிட்டயே கேட்டேன். "முகாம் போட்டப்ப கூப்பிட்டாங்க. ஒரு ரூம், நடுவுல ஒரு துணி. அந்தாண்ட நம்ம தெரு ஆளுங்க பேசுறது கேக்குது. நான் எப்படிப் படுப்பேன்? அன்னைக்கு வேலைக்குப் போனா கூலியாச்சும் மிஞ்சும்." எங்க தெருவில் ஓர் அத்தை தைரியமா போய்ப் பார்த்துக்கிட்டாங்க. 'பாசிட்டிவ்' என்று சொல்லி வேற ஊருக்குப் போகச் சொல்லியிருக்காங்க. பாசிட்டிவ்னா புற்றுநோய்னு நினைச்சுப் பயந்து, வீட்டிலேயும் சொல்லாம, ரெண்டு வருஷமா போகவே இல்ல. சோதிச்சுப் பார்க்கப்பட்ட பெண்கள் கணக்கில் அவங்க பேரும் இருக்கும். பரிசோதனையோட பலன் மட்டும் அவங்களுக்கு இல்ல.

இது விழிப்புணர்வுக் குறைபாடு இல்ல, டிசைன் குறைபாடு. யூசர் உள்ளே வர முடியாதபடி ஒரு சிஸ்டத்தைக் கட்டிட்டு, யூசருக்கு அறிவில்லன்னு சொன்னா வைவாவில் பாஸ் போடுவாங்களா?

இதைவிட நல்ல டிசைன் இருக்கு

மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இப்போ தாராசிவ்) 1,31,746 கிராமத்துப் பெண்களை வெச்சு நடந்த ஆய்வு 2009-இல் வெளியாச்சு. வைரஸையே நேரடியா தேடும் எச்.பி.வி. பரிசோதனை ஒரு குழுவுக்கு, செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பாப் ஸ்மியர் ஒரு குழுவுக்கு, அசிட்டிக் அமில முறை ஒரு குழுவுக்கு, வழக்கமான நிலை ஒரு குழுவுக்கு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செஞ்ச எச்.பி.வி. பரிசோதனை, எட்டு வருஷத்தில் சாவைக் கிட்டத்தட்டப் பாதியாக் குறைச்சது. பரிசோதனை இல்லாத குழுவில் 64 பேர் இறந்தாங்க, எச்.பி.வி. குழுவில் 34 பேர். அந்த ஒப்பீட்டுக் குழுவுக்குப் பரிசோதனை தராம விட்டது நியாயமா என்று பின்னாடி கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். அந்தப் பெண்கள் விலை கொடுத்து நமக்குத் தந்த அறிவை இன்னமும் பயன்படுத்தாம இருந்தா, அது அவங்களுக்கு ரெண்டாவது தடவை செய்யுற அநியாயம்.

எச்.பி.வி. பரிசோதனையில் நமக்கு ரொம்ப முக்கியமான ஒரு வசதி இருக்கு. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கலாம். நீளமான பஞ்சுக்குச்சி மாதிரி ஒண்ணு, ஒரு சின்னக் குழாய். வீட்டுப் பாத்ரூமில், கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு நிமிஷம். துணி மறைப்பு இல்ல, முகாம் இல்ல, யாரும் பார்க்க வேண்டியதில்ல. உலக சுகாதார நிறுவனம் 2021-இலேயே இதைப் பரிந்துரைச்சாச்சு. முடிவு நெகட்டிவ் என்றால் அடுத்த பரிசோதனை அஞ்சு முதல் பத்து வருஷம் கழிச்சுப் போதும். மெஷினுக்கும் எங்கேயும் அலைய வேண்டாம். காசநோய் பார்க்கப் பயன்படுற, கோவாவில் தயாராகிற, பேட்டரியில் ஓடுற ட்ரூநாட் மெஷினிலேயே எச்.பி.வி. பார்க்கிற சிப் வந்துடுச்சு.

ஒரு ரஃப் கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர், அரியலூர் ரெண்டும் சேர்த்து 13.2 லட்சம் பேர். பரிசோதனை வயதில் இருக்கிற பெண்கள் உத்தேசமா இரண்டரை லட்சம்னு வெச்சுக்குவோம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் வருஷத்துக்கு 50,000. வேலை நாள் 300 என்றால் ஒரு நாளைக்கு 167. ரெண்டு மாவட்டத்திலும் சேர்த்து ஒன்றியங்கள் பத்து: பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர், அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர். ஆக, ஒரு ஒன்றியத்துக்கு ஒரு நாளைக்கு 17 குழாய். பதினேழு! பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டு வாசலுக்கே வர்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் இருந்து ஓடிக்கிட்டு இருக்கு. அந்தக் கைப்பையில் 17 குழாய்க்கு இடம் இருக்காதா?

செலவாகும், மறுக்கல. அசிட்டிக் அமில முறையை விட இது விலை கூடினது. ஆனா பெரியம்மாவுக்குக் கொடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சையோட செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும். குழாய் மட்டும் போதாது என்பதையும் சொல்லிடறேன். பாசிட்டிவ் வந்த பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கூடவே போய், சிகிச்சை முடிகிற வரைக்கும் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். திண்டுக்கல் ஜெயிச்சதுக்குக் காரணம் வினிகர் இல்ல, அடுத்த கட்டம் கைக்கு எட்டுற தூரத்தில் இருந்தது.

நாம என்ன செய்யலாம்?

முதல்ல, தயவுசெஞ்சு ஆப் பண்ணாதீங்க. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு 'கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியும் செயலி' என்று யாராவது கிளம்புவீங்கன்னு தெரியும். எங்க தெரு அத்தைக்கு வேண்டியது ஆப் இல்ல, பஸ்ஸில் கூட வர ஒரு ஆள்.

என்.எஸ்.எஸ். முகாமில் வருஷா வருஷம் கோயில் குளத்தைச் சுத்தம் பண்றோம், மரம் நடுறோம். அடுத்த முகாம் நடக்கிற ஊரில், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸைக் கேட்டு, எந்தக் கிழமை பரிசோதனை, மறைவான அறை இருக்கா, பெண் நர்ஸ் இருப்பாங்களா என்று தெரிஞ்சுக்கிட்டு, நம்ம பெண் வாலன்டியர்கள் வீடு வீடா சொல்லட்டும். பையன்கள் அந்த வீட்டு ஆண்கள்கிட்ட பேசட்டும். "பாசிட்டிவ்னா புற்றுநோய் இல்ல, யார் ஒழுக்கத்தையும் அது காட்டாது" என்று ஓர் ஆண் இன்னோர் ஆண்கிட்ட சொல்லணும். நம்ம கிளாஸ் பெண்களும் தங்களுக்கு ஊசி பொருந்துமா, எத்தனை டோஸ் என்று டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம். ஊசி போட்டிருந்தாலும் 30 வயதுக்கு மேல பரிசோதனை வேணும் என்பதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

கடைசியா, ரொம்பக் கஷ்டமான வேலை. வீட்டுக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட கேக்கணும். "அம்மா, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணியிருக்கீங்களா? நடுவுல ரத்தம் படுதா? மாதவிலக்கு நின்ன பிறகு ஏதாவது?" எனக்கு இதைக் கேக்க மூணு நாள் ஆச்சு. மூணாவது நாள் அம்மா காய் நறுக்கிட்டு இருந்தப்ப, முகத்தைப் பார்க்காம கேட்டேன். அவங்களும் என் முகத்தைப் பார்க்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒண்ணும் இல்லப்பா. ஆனா ஒரு தடவை பார்த்துடலாம். உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாங்க.

அக்கா என்றது பெரியம்மாவோட மகளை. அவங்களுக்கும் இப்போ 33 வயசு. ரெண்டு பேரும் போன வியாழக்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போனாங்க. அன்னைக்குப் பரிசோதனை பண்ற நர்ஸ் லீவாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. திரும்பவும் போவாங்களான்னு தெரிஞ்சுக்க வர்ற வியாழக்கிழமை காலையில நான் போன் பண்ணுவேன்.